இரண்டடித் தண்ணீருக்கு இரண்டு புள்ளி

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் சாலையில் நீர் சேமிப்புப் பயிற்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க உழவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. வருகிற உழவர்களிடம் செலவழிக்கத் தண்ணீரே இல்லை என்பதால் பாடம் சிரமமில்லாமல் நடந்துவந்தது.

நிலையத்தின் முன்னால் ஒன்றரை ஏக்கருக்கு வெறும் மண் தரை. அதில் ஒன்பது புங்க மரங்கள். மழை பெய்தால் மண் குடித்தது போக மிச்சம் பின்பக்கத்து ஏரிக்குப் போய்விடும். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனித் தெருவின் தண்ணீரும், சுவரின் அடியில் விட்டிருந்த ஒரு திறப்பு வழியாக உள்ளே வந்து, அதே மண்ணில் ஓடி, அதே ஏரியில் சேர்ந்துவிடும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யாரும் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கவும் இல்லை. ஆகவே அதிகாரிகளைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

நிலையத்தின் இயக்குநர் பாண்டுரங்கன் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. பசுமைக் கட்டடம் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்களாம். நூற்றுக்கு அறுபது புள்ளி வாங்கினால் தங்கம், எண்பது வாங்கினால் பிளாட்டினம். அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருடைய அலுவலகம் தங்கம் வாங்கிவிட்டது. அதற்குமேல் காரணம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

புதுச்சேரியிலிருந்து வல்லரசு என்ற பசுமை ஆலோசகர் வந்தார். காரின் ஏசியை அணைக்காமலே இறங்கி, வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முப்பத்தெட்டுப் புள்ளிதான் தேறும் என்றார்.

"இவ்ளோ மண்ணு இருக்கு, மரம் இருக்கு. அதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?" என்று பாண்டுரங்கன் கேட்டார்.

"மண்ணுக்குப் புள்ளி கிடையாது சார். மண்ணுக்கு யாரு சார் தயாரிப்பாளர்? யாரு டெஸ்ட் ரிப்போர்ட் குடுப்பாங்க? மழைத் தண்ணிய உறிஞ்சற கான்கிரீட்னு ஒண்ணு வந்திருக்கு. உடம்பெல்லாம் துளை. மேல ஊத்தினா கீழ போயிடும். மண்ணு செய்யற அதே வேலைதான், ஆனா இதுக்கு ரிப்போர்ட் இருக்கு. வளாகம் முழுக்கப் போட்டுட்டோம்னா இது ஒண்ணுக்கே பதினேழு புள்ளி."

ஆடி மாதம் வேலை தொடங்கியது. தரை போட அழைக்கப்பட்டவர் விருத்தாசலம் கொத்தனார். காலனியில், சுவரை ஒட்டின கடைசி வீடு அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிற கை. திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் அவர் போட்ட தரைகளில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று மாத வேலை, மத்தியானம் வீட்டில் சோறு என்பதில் அவருக்குச் சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம், கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் அஸ்வினி முதல் பிரசவத்துக்கு ஐப்பசியில் வரப்போகிறாள் என்பது. பேரப்பிள்ளை பிறந்து மூன்று மாதம் தன் வீட்டில் வளர வேண்டும். ஒரு குறையும் சொல்லாமல் சம்பந்தி வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும். அந்த வருடத்தில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் வேலையாக ஒன்பது புங்க மரங்களையும் வெட்டினார்கள். மரம் இலை உதிர்க்கும், இலை மக்கித் துளையை அடைக்கும், துளை அடைத்தால் பசுமைத் தரை தண்ணீர் குடிக்காது. மரங்கள் போனதில் நிழலுக்கான இரண்டு புள்ளி கழிந்தது. வெளிர் நிறத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு மூன்று புள்ளி கிடைத்தது. ஒரு புள்ளி லாபம் என்று வல்லரசு கணக்குச் சொன்னார். சித்தாள்கள் மத்தியானக் கஞ்சியை லாரிக்கு அடியில் உட்கார்ந்து குடித்தார்கள்.

அடுத்தது ஜல்லி. எட்டுக் கிலோமீட்டரில் குவாரி இருக்கிறது. உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தினால் இரண்டு புள்ளி. ஆனால் ஒரு ஜல்லி உள்ளூர் ஜல்லிதான் என்று சான்று கொடுக்கும் ஆய்வகம் உள்ளூரில் இல்லை, சென்னையில்தான் இருந்தது. மாதிரிக்கு ஒரு பை போதாது, வருகிற சரக்கு முழுவதையும் எடைபோட்டுப் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. பதினோரு லாரிகள் ஜல்லியை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய், எடைபோட்டு, படம் எடுத்துக்கொண்டு, உள்ளூர்ச் சான்றிதழுடன் திரும்பி வந்தன.

"இன்னாண்ணே, ஜல்லிக்கு மெட்ராஸ சுத்திக் காட்டிக்கினு வர்ற மாதிரி இருக்குது" என்றான் லாரி ஓட்டிவந்த தேவா. அவனும் அதே காலனிக்காரன்தான்.

"சும்மா ஓட்டுடா. படிச்சவங்க சொல்றாங்க, ஏதாவது இருக்கும்" என்றார் விருத்தாசலம்.

படித்தவர்கள் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கலவையில் மணலே போடக் கூடாது என்றார்கள். ஜல்லி, கொஞ்சம் சிமெண்ட், அனல்மின் நிலையச் சாம்பல், எண்ணி விட்ட தண்ணீர். போட்டு இறுகியதும் பார்த்தால் பொரியுருண்டை மாதிரி இருந்தது. வல்லரசு ஒரு பாட்டில் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தார். சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே போய்விட்டது. விருத்தாசலம் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"முப்பது வருசமா ஒழுகுதுன்னு திட்டு வாங்கிக்கினு இருந்தேன் சார். இனிமே ஒழுகலேன்னா திட்டுவாங்க போலிருக்குது."

சிரித்தாரே தவிர, அவருக்கு உள்ளுக்குள் வேறொரு கவலை வந்திருந்தது. தரைக்கு அடியில் இரண்டரையடிக்குக் கல் பரப்பி, அதன்மேல் அரையடி கான்கிரீட் போடுகிறார்கள். மட்டம் பார்க்கும் டியூபை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய்ப் பார்த்தார். இத்தனை நாள் காலனித் தெருவைவிட அரையடி தாழ்வாக இருந்த வளாகம் இனி அதைவிட இரண்டரையடி உயரப்போகிறது. சுவரின் அடியில் இருந்த திறப்பைக் கல்லும் கலவையும் வைத்து அடைத்தாகிவிட்டது. பின்பக்கம் ஏரி ஓரமாக அதிகாரிகள் நடைப்பயிற்சி செய்ய ஒரு கரை எழுப்பியிருந்தார்கள். உடல்நலத்துக்கு ஒரு புள்ளி. ஆக, வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் வாசல் கேட் வழியாகக் காலனிக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் இயக்குநரின் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே போனார். வல்லரசும் அங்கே இருந்தார்.

"சார், என் வூட்டு வாசல விட உங்க தரை ரெண்டரை அடி ஒசந்துடும். அடியில ஒரு குழா பொதைச்சி எங்க தெருத் தண்ணிய ஏரிக்கு விட்டுடலாம். குழாய நானே வாங்கியாறேன் சார். ஒரு நாள் வேலைதான்."

"வெளியில இருந்து வர்ற தண்ணி வளாகத்துக்குள்ள போச்சுன்னா மூணு புள்ளி கட் ஆயிடும்" என்றார் வல்லரசு.

"உங்க தெருத் தண்ணிக்கு எங்க புள்ளியக் குடுக்கணுமா?" என்றார் பாண்டுரங்கன்.

"அப்டி இல்ல சார். பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. மழ நாளு."

"யோவ், தரையே எல்லாத்தையும் குடிச்சிடும்ய்யா. ஒரு சொட்டு வெளிய வராது. உன் கையால போடற தரை, உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார் இயக்குநர்.

நம்பிக்கை இல்லை என்று எந்தக் கொத்தனாராவது தன் தரையைப் பற்றிச் சொல்வானா? விருத்தாசலம் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. அடுத்த வாரம் செயலாளர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பாண்டுரங்கன் முதல்முறையாக முழுத் தரையிலும் நடந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னய்யா இது, சொறி புடிச்ச மாதிரி! செயலாளர் வந்து இதையா பார்ப்பாரு? பளபளன்னு இருக்க வேணாமா?"

"இது இப்டித்தான் சார் இருக்கும். ஓட்டைதான இதுல விசேசம்."

"நீ பெரிய வீட்டுக்கெல்லாம் தரை போட்டிருக்கியே, அங்கல்லாம் எப்படிப் போட்டே?"

"கடைசியா சிமெண்டுப் பால் ஊத்தி மணியாஸ்கட்டை போட்டு இழைச்சிடுவோம் சார். மொகம் தெரியும்."

"அதைப் போடு."

விருத்தாசலம் வல்லரசைப் பார்த்தார். "ஓட்டை அடைஞ்சிப்பூடுமே சார். தண்ணி எறங்காதே."

வல்லரசு கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "இந்தப் பதினேழு புள்ளி வரைபடம் குடுத்தப்பவே வந்துடுச்சு. துளை இருக்கறதா வரைபடத்துல இருக்கணும். அது இருக்கு. தரையில பளபளப்பு இருக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல."

பத்து ஆட்களை வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலை செய்தார் விருத்தாசலம். ஏனோதானோவென்று செய்திருக்கலாம். அங்கங்கே துளைகளை விட்டுவைத்திருக்கலாம். அவருக்கு அது வராது. உண்மையைச் சொன்னால், அந்தப் பொத்தல் தரையைப் பார்த்துப் பார்த்து அவரும் கூசிப்போயிருந்தார். "இன்னா கொத்தனாரே, பாதியை எலி தின்னுபுட்டுதா?" என்று தெருவில் கேலி வேறு. சிமெண்டுப் பாலை ஊற்றி அவர் கட்டையை இழுக்க இழுக்கத் தரை மூடிக்கொண்டு மின்ன ஆரம்பித்தது. நான்காம் நாள் சாயங்காலம் ஒன்றரை ஏக்கரும் கண்ணாடியாக இருந்தது. அவர் வாழ்நாளில் போட்ட தரைகளிலேயே பெரியது, நேர்த்தியானதும்கூட. வீட்டுக்குப் போய் மனைவி அம்மணியிடம் சொன்னார்.

"போயி கேட்டாண்ட நின்னு பாரு. வானம் தெரியுது தரையில."

"அது கெடக்கட்டும். மழத் தண்ணி எங்க போவும்?" என்றாள் அம்மணி.

சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

செயலாளர் வந்தார், தரையைப் பாராட்டினார், போனார். அடுத்து மதிப்பீட்டாளர் வந்தார். அம்பிகா என்று பெயர். கண்டிப்பானவர். யாரிடமும் ஒரு இளநீர்கூட வாங்கிக் குடிக்காதவர். தரைச் சோதனைக்கான படிவத்தை அவர் உரக்கப் படித்தார்: "ஊற்றப்பட்ட ஒரு வாளி நீர் பதினைந்து விநாடிகளுக்குப் பின் தரையின் மேற்பரப்பில் காணப்படுகிறதா? ஆம் அல்லது இல்லை."

வாளியை ஊற்றச் சொல்லி விருத்தாசலத்தையே நிறுத்தினார்கள். ஊற்றினார். இழைத்த தரையில் தண்ணீர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் கொடுத்திருந்த சரிவில் வழுக்கிக்கொண்டு ஓடி, கேட்டைத் தாண்டி, காலனித் தெருவில் போய் விழுந்தது. பதினொரு விநாடி. எல்லோரும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்பிகா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்தாவது விநாடியில் குனிந்து தரையைப் பார்த்தார்.

"காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மேடம், தண்ணி உள்ள போவல. வெளிய ஓடிடுச்சி" என்றார் விருத்தாசலம், தன் வேலையைத் தானே காட்டிக்கொடுத்துக்கொண்டு.

"எங்க போச்சுன்னு படிவத்துல கேள்வி இல்லைங்க" என்றார் அம்பிகா. மரியாதையாகத்தான் சொன்னார். வல்லரசு மற்றப் பிரிவுகளில் தேற்றியதையும் சேர்த்து எல்லாம் கூட்டியதில் எழுபத்தெட்டுப் புள்ளி வந்தது. தங்கம் உறுதி. பிளாட்டினத்துக்கு இரண்டு குறைந்தது. அந்த இரண்டை நினைத்துப் பாண்டுரங்கனுக்கு ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

ஐப்பசியில் அஸ்வினி வந்தாள். மாதக் கடைசியில் பெண் குழந்தை. பழைய புடவையில் ஏணை கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார் விருத்தாசலம். பிள்ளைக்குப் பதினோரு நாள் ஆனபோது கார்த்திகைப் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. ஒன்றரை ஏக்கரில் விழுந்த அத்தனையும் ஒரு சொட்டுக் குறையாமல் கேட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது கடைசி வீட்டில் இரண்டடித் தண்ணீர். அடுப்பு மூழ்கிவிட்டது. கேப்பை மாவுத் தூக்கு மிதந்தது. கட்டிலுக்கு நாலு பக்கமும் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்து, அதன்மேல் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். ஏணையை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

சம்பந்தியம்மாள் போனில் பேசினாள். "பச்சப்புள்ளைய ஒரு மாசம் ஈரம் படாம வெச்சிக்க முடியலன்னா எங்க வூட்டுலயே பெத்துக்கினு இருந்திருப்பா."

அஸ்வினி அப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று போனைக் காதோடு அழுத்தினாள். அவருக்குக் கேட்டுவிட்டது.

நிலையத்தின் தலைமையகம் விழுப்புரத்தில். திங்கட்கிழமை மனு நாள். முழங்கால் வரை சேறோடு பஸ் ஏறிப் போனார். மூன்று மேசைகளைத் தாண்டி, துணை இயக்குநர் (புள்ளிகள்) என்று பலகை போட்டிருந்த அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரி சலிப்போடு மனுவை வாங்கினார். இரண்டாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எந்த அலுவலகத்திலும் விருத்தாசலத்திடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

"எத்தனை அடி நிக்குது?"

"ரெண்டடி சார்."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா சார். கைக்கொழந்த இருக்குது."

"இது தெருவுல பேஞ்ச தண்ணியா, இல்ல நம்ம வளாகத்துத் தண்ணியா?"

"சத்தியமா உங்க வளாகத்துத் தண்ணி சார். தெருத் தண்ணி இந்த அளவுக்கு என்னிக்கும் ஏறினதில்ல. நான் போட்ட தரை, எனக்குத் தெரியாதா?"

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான். பேனாவை வாங்கி, தப்பில்லாமல், நிறுத்தி நிதானமாக எழுதினார்: என் வீட்டில் நிற்கும் இரண்டடித் தண்ணீர் முழுவதும் பயிற்சி நிலைய வளாகத்தில் பெய்து வந்த மழைநீரே என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். அதிகாரி அதில் மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். எழுந்து நின்று கைகுலுக்கினார். நாளைக்கே ஆட்கள் வருவார்கள் என்றார்.

மறுநாள் ஜீப்பும் காரும் வந்தன. மோட்டார் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். இறங்கியது மோட்டார் இல்லை. அடிக்குறி போட்ட ஓர் இரும்பு அளவுகோலும் ஒரு பச்சைப் பலகையும்தான். அளவுகோலை விருத்தாசலத்தின் வாசலில் நட்டார்கள். பலகையை அவர் சுவரில் அடித்தார்கள். "வளாகத்துக்கு வெளியேயான மழைநீர்த் தேக்கம். இங்கு நீரை இறைப்பதும் வடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது."

பாண்டுரங்கன் செருப்பு நனையாமல் ஜீப்பின் படியில் நின்றபடி பேசினார்.

"இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நாங்க கவலைப்பட்டுக்கிட்டிருந்தோம். காலனி மக்கள் எங்க கவலையைத் தீர்த்துட்டாங்க. வளாகத்து மழைநீரை வெளியில ஒரு எடத்துல சேமிச்சா, புதுமைப் பிரிவுல ரெண்டு புள்ளி இருக்கு. ஒரு ஏரி வெட்டணும்னா எவ்ளோ எடம் கையகப்படுத்தணும், எத்தனை பேர் கேஸ் போடுவாங்க! ஆனா இந்த மக்கள் தங்களோட வீட்டையே குடுத்திருக்காங்க. கேட்காமலே குடுத்திருக்காங்க. நாங்க எப்பவுமே இந்தப் பக்கத்தை மறந்ததில்ல. எங்களுக்கு வேணாங்கறதை எல்லாம் முதல்ல உங்களுக்குத்தான் குடுக்கறோம்."

வல்லரசு கைதட்டினார். விருத்தாசலத்தின் தோளில் ஒரு பச்சைச் சால்வை விழுந்தது. அவர் இனி நீர்ப் பாதுகாவலராம். அவர் எழுதிக்கொடுத்த தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"சார், எப்ப வடியும்?" என்று கேட்டார்.

"வடியறதா? கடைசிப் போட்டோவுக்கு அம்பிகா மேடம் அடுத்த வெள்ளிக்கிழமை வர்றாங்க. அதுவரைக்கும் பத்திரமாப் பார்த்துக்க. ரெண்டடிக்குக் கீழ இறங்கக் கூடாது" என்றார் பாண்டுரங்கன்.

அம்மணி அன்றைக்கு விருத்தாசலத்தைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியாகக் கேட்டதை மட்டும் எழுதலாம். "படிச்சவங்க கேட்டா எதையும் எழுதிக் குடுத்துடுவியா நீ? நாளைக்கி இந்தப் புள்ளையக் கேட்டா?"

மழை விட்டது. தடைப் பலகையைத் தண்ணீர் படிக்கவில்லை. காலனித் தெரு இன்னும் மண் தெரு. யாரும் அதற்குக் கான்கிரீட் போட்டதில்லை. அது பாட்டுக்குக் குடிக்க ஆரம்பித்தது. நாளுக்கு நாலு விரல், ஐந்து விரல் என்று இறங்கி, அடுத்த வியாழக்கிழமை வீட்டுத் தரை தெரிந்தது. அம்மணி சேற்றை வழித்துப் போட்டாள். சாம்பிராணி போட்டாள். கட்டிலைக் கல்லிலிருந்து இறக்கினார்கள். உட்கார்ந்தபடியே ஆட்டுவதற்குத் தோதாக ஏணையைத் தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில் இறக்கிக் கட்டினார்கள். பதிமூன்று நாளைக்குப் பிறகு அஸ்வினி கால் நீட்டித் தூங்கினாள். விருத்தாசலம் வாசலில் உட்கார்ந்து, மகள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் சமீபத்தில் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தண்ணீர் லாரி காலனிக்குள் நுழைந்தது. அந்தத் தெருவின் கிணறு உப்பாகி ஆறு மாதம் ஆகிறது. குடிதண்ணீர் லாரி கேட்டு எட்டு மனு கொடுத்திருந்தார்கள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. லாரியைப் பார்த்ததும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

லாரியை ஓட்டிவந்தவன் தேவா. யாரையும் பார்க்காமல் இறங்கினான்.

"அண்ணே, என்னியத் திட்டாத. எங்க ஊத்தச் சொல்றாங்களோ அங்க ஊத்தறவன் நானு."

பின்னாலேயே ஜீப்பில் பாண்டுரங்கனும் வல்லரசும் வந்தார்கள். மதியம் அம்பிகா வந்துவிடுவார். அளவுகோல் பூஜ்யத்தில் நிற்கிறது. முழுத் தெருவையும் நிரப்ப நாற்பது நடை ஆகும் என்று வல்லரசு கணக்குப் போட்டிருந்தார். முழுத் தெரு தேவையில்லை. அளவுகோல் இருக்கிற வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் மணல் மூட்டை அடுக்கிவிட்டால் நான்கு நடையில் முடிந்துவிடும். தண்ணீர் நிலையத்தின் சொந்த ஆழ்குழாயிலிருந்து வந்தது.

விருத்தாசலம் பாண்டுரங்கன் முன்னால் போய் நின்றார். கொத்தனார் மூளை அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தது.

"சார், அந்த அளவுகோல ரெண்டடி கீழ எறக்கி நட்டுடறேன். காஞ்ச மண்ணுலயே ரெண்டடின்னு காட்டும். சுத்தி ரெண்டு குடம் தண்ணி தெளிச்சுட்டா போட்டோவுல தெரியாது. அர மணி நேர வேலை. உங்களுக்குப் புள்ளி வந்துடும். எனக்கு வூடு காஞ்சி இருக்கும்."

பாண்டுரங்கன் அதிர்ந்துபோனார். இத்தனை மாதத்தில் அவர் உண்மையாகவே கோபப்பட்டது அப்போதுதான்.

"பொய்க் கணக்குக் காட்டச் சொல்றியா? இது சான்றிதழ்ய்யா! ஒரு நேர்மை வேணாம்? ரெண்டடின்னா ரெண்டடித் தண்ணி நிக்கணும்."

மூட்டைகளை அடுக்கி முடித்தார்கள். தேவா குழாயைத் திறந்தான். அம்மணி குடத்தைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் வைத்தாள். வல்லரசு ஓடிவந்து அதைத் தள்ளிவிட்டார்.

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா, தேக்கற தண்ணி. குடிக்கணும்னா அதுக்கு வேற ஆபீஸ்ல மனு குடுக்கணும்."

அம்மணி அவர் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். அது தரையில்தான் விழுந்தது. தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்று, நல்ல தண்ணீர் மண்ணில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு அஸ்வினி எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

"எது வரைக்கும்ப்பா ஊத்துவாங்களாம்?"

"ரெண்டடி வரைக்கும்."

"ஏணை ஒண்ணரை அடியிலதான தொங்குது."

விருத்தாசலம் உள்ளே போனார். உத்தரத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். வெளியில் யாரோ கைதட்டினார்கள். அளவுகோலில் தண்ணீர் ஓரடியைத் தொட்டிருக்க வேண்டும். புடவையைச் சுருக்கி, ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டி, தாங்குமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.